நான் முகர்ந்து சொன்ன ஒயின்

நான் பொய் சொன்னேன். ஒரு பெண்மணி கண்ணுக்குள் வைத்து வளர்த்த திராட்சையின் ஒயினை முகர்ந்து பார்த்து, "பிரமாதம்!" என்றேன். எனக்கு வாசனையே தெரியாது!

நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்... ஆனால் குன்னூரில் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்வதுதான் என் பிழைப்பு. ஒரு காய்ச்சலோடு போன வாசனை திரும்பி வரவே இல்லை. புளிப்பும் துவர்ப்பும் நாக்குக்குத் தெரியும், அவ்வளவுதான். இது என் மனைவி வசந்தாவுக்கு மட்டுமே தெரியும். அலுவலகத்தில் தேயிலைச் சாற்றின் நிறத்தைப் பார்ப்பேன், பக்கத்தில் நின்று என்னோடு ருசி பார்க்கும் மனோகரனின் முகத்தைப் பார்ப்பேன், ஏதோ ஒன்றைச் சொல்வேன். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பெங்களூரில் வெளிநாட்டு ஒயின் வரவழைத்து விற்கும் சுந்தரம் என் பழைய நண்பர். ஊட்டி பெர்ன்ஹில்லில் அவருக்கு ஒரு வீடு உண்டு. அங்கேதான் ஜூலியாவைப் பார்த்தேன். சுந்தரத்திடம் விற்க இத்தாலியிலிருந்து தன் வெள்ளை ஒயினைப் பெட்டியோடு கொண்டு வந்திருந்தார்.

அந்த ஒயினுக்கான திராட்சையை அவர் ஊரிலேயே மறந்துவிட்டார்களாம். காய்ப்பு குறைவு என்று எல்லாரும் வெட்டி எறிந்த ரகம். ஒரு பாழடைந்த தோட்டத்தில் மரத்தின்மேல் படர்ந்து கிடந்த கொடியிலிருந்து குச்சி ஒடித்து வந்து நட்டு, மருந்து அடிக்காமல், உரம் வாங்காமல் பெருக்கியிருக்கிறார். "இந்த முறை வாங்க ஆள் கிடைக்காவிட்டால் பாதித் தோட்டத்தைப் பிடுங்கிவிடுவேன் என்கிறார் என் அண்ணன்" என்றார் ஆங்கிலத்தில். சொல்லும்போதே தும்மினார்.

ஆம், அவருக்கு ஊட்டிக் குளிரில் சளி பிடித்திருந்தது! மூக்கு முழுக்க அடைப்பு. முதல் புட்டியைத் திறந்ததும் தானே சோதிக்க முடியாமல் கோப்பையை என்னிடம் நீட்டினார். "சில சமயம் தக்கை கெட்டு ஒயினையும் கெடுத்துவிடும். இது சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்."

சுந்தரம் பெருமையாகச் சிரித்தார். "நம்ம ஆளு மூக்குல வெச்சார்ன்னா எந்த எஸ்டேட் இலைன்னே சொல்லிப்போடுவாருங்க!"

எல்லார் கண்ணும் என்மேல். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "எனக்கு வாசனை தெரியாது, வேறு யாரையாவது கேளுங்கள்" என்றிருக்க வேண்டும். சொன்னால் மறுநாளே குன்னூர் முழுக்கப் பரவும், வேலை போகும்... கோப்பையைச் சுழற்றினேன், முகர்ந்தேன், தேநீரை உறிஞ்சுவது போலச் சத்தமாக உறிஞ்சினேன். நல்ல புளிப்பு, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. "பிரமாதம்!"

எல்லாருக்கும் ஊற்றினார்கள். சுந்தரத்தின் மனைவி முகத்தைச் சுளித்தார். "ஏனுங்க, நனைஞ்ச சாக்கு நாத்தமல்ல அடிக்குது!"

சுந்தரமும் முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார். தமிழில்தான் கேட்டார். "இது இப்படித்தான் இருக்குமுங்களா?"

இன்னொரு வாய்ப்பு! பெட்டி நிறையப் புட்டிகள் இருந்தன. இன்னொன்றைத் திறக்கச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் முதலில் நான் எதை முகர்ந்தேன் என்று கேட்பார்களே...

"பழைய ரகம் பாருங்க. அந்தத் திராட்சையோட குணமே அதுதானுங்க" என்றேன்.

அட பாவி! அதைச் சொன்னவன் நான்தான்.

சுந்தரம் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அப்ப நமக்கு ஒத்து வராதுங்க." ஜூலியாவிடம் ஆங்கிலத்தில் பக்குவமாகச் சொன்னார். ஜூலியா தலை குனிந்துகொண்டார். நான் தமிழில் தமக்காக வாதாடினேன் என்று நினைத்திருப்பார் போலும். புறப்படும்போது என் கையில் ஒரு புட்டியைத் திணித்து, "என் ஒயினைப் புரிந்துகொண்டவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார்.

மறுநாள் மாலை அதை வீட்டில் திறந்தேன். ஒயினே கெட்டதுதான் என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் அல்லவா? வசந்தாவிடம் நீட்டினேன்.

"நான் குடிக்க மாட்டனுங்க" என்றவள் முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். "பேரிக்காய் அறுத்தாப்ல இருக்குதுங்க. எலுமிச்சம்பூ வாசமும் வருது. எவ்வளவு நல்லா இருக்குது!"

அப்படியானால் கெட்டிருந்தது அந்த முதல் புட்டி மட்டும்தான்! நடந்ததை எல்லாம் சொன்னேன். "அந்தம்மா இன்னும் ஊட்டியிலதான இருக்குது? இப்பவே போன் போட்டுச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

போனை எடுத்தேன். சுந்தரத்தின் எண்ணைத் தேடினேன்... வைத்துவிட்டேன். வசந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை!

சென்ற வாரம் ஜூலியாவிடமிருந்து செய்தி வந்தது. பாதிக் கொடிகளைப் பிடுங்கியாகிவிட்டதாம். "நீங்களாவது ரசித்தீர்களே, அதுவே எனக்கு ஆறுதல்" என்று எழுதியிருந்தார்.

பதிலுக்கு நான் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன். வெட்கம் கெட்டவன்!

அந்தப் புட்டி இன்னும் சமையலறை அலமாரியில் இருக்கிறது. வசந்தா இல்லாதபோது தக்கையை எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். ஒன்றுமே தெரியவில்லை. நாளைக் காலையும் தேயிலைக் கோப்பைகளின் முன்னால் நிற்பேன், மனோகரனின் முகத்தைப் பார்ப்பேன்... யாரோ ஒருவருடைய தோட்டத்து இலைக்குத் தரம் சொல்வேன்.