பங்கருக்குள் போன பெட்டி

குண்டு போடும் பொம்மர் வந்தால் எனக்கு முன்னால், முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் இறங்கும் உரிமை எங்கள் வீட்டில் ஒரு கொம்பியூட்டருக்கு இருந்தது. இதைச் சொன்னால் இப்போது என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இருக்கவில்லை. வீட்டில் எது பெறுமதி கூடியது என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

அது என் சின்னம்மாவின் கொம்பியூட்டர். சரியாகச் சொன்னால் மாமாவினுடையது. மருதனார்மடம் சந்திக்குப் பக்கத்தில் ரியூட்டரி நடத்திய மாமா, கனடாவுக்குப் போகிற அவசரத்தில் அதைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனார். அப்போதே அது பழசு. சின்னம்மா அம்மாவுக்கு நேரே இளையவர். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முன் கொழும்பில் ஒரு கந்தோரில் கொம்பியூட்டர் வேலை பார்த்தவர். கந்தோர் எரிந்த பிறகு கப்பலில் வந்து இறங்கி, எங்களோடு இருந்துகொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார்.

அவருடைய பழைய மேலாளர் சிங்கப்பூரில் இருந்தார். களஞ்சியத்துக்கு வருகிற போகிற சாமான்களைக் கணக்கு வைக்கும் புரோகிராம் ஒன்றை எழுதி அனுப்பினால், அதைக் காட்டித் தன் கொம்பனியில் வேலை எடுத்துத் தருவதாக ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தார். சின்னம்மாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. வேலை கிடைத்தால் அவர் போவார், அவர் போனால் பிறகு நாங்களும் போகலாம். எங்கள் வீட்டில் எந்தக் கதை தொடங்கினாலும் சுற்றிச் சுழன்று இதில்தான் வந்து நிற்கும். பொங்கல் முடியப் பக்கத்து வீட்டு மாஸ்ரர் கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போகவிருந்தார். அவர் கையில் புரோகிராமைப் பதிந்த பிளொப்பியைக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு.

குடாநாட்டில் கரண்ட் நின்று அது இரண்டாவது மாரி. மாட்டுக் கொட்டிலுக்குள் அப்பா கரண்ட் எடுக்க ஒரு சின்ன எஞ்சினை வைத்திருந்தார். இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டுப் பற்றவைத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். சின்னம்மா பள்ளிக்கூடத்தால் வந்து தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அப்பா கயிற்றை இழுப்பார். கொட்டிலுக்குள்ளிருந்து கரும்புகை வரும், மாடு கத்தும், அறைக்குள் பச்சை எழுத்துகள் வரும். மண்ணெண்ணெய் கிடைக்கிற சீரில் ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் பெரிய காரியம்.

பிழை வரத் தொடங்கியது ஐப்பசி மழையோடு. முதல்நாள் எழுதி வைத்ததை அடுத்தநாள் திறந்தால், நடுவில் ஒரு பந்தியைக் காணோம். அந்த இடத்தில் சிரிக்கிற முகங்களும் இதயங்களும் வெறும் கோடுகளுமாகக் கிடக்கும். எனக்கு அவை வடிவாக இருந்தன. சின்னம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டேன். பிறகு கொம்பியூட்டரே வாய் திறந்து கேட்கத் தொடங்கியது. அபோட், றீட்றை, ஃபெயில். விடுவதா, திரும்ப முயல்வதா, தோற்பதா என்று கேட்கிறது என சின்னம்மா விளங்கப்படுத்தினார். அவர் எப்போதும் திரும்ப முயல்வதற்கான எழுத்தைத்தான் அழுத்துவார். அது திரும்பவும் அதையேதான் கேட்கும்.

சின்னம்மா இலேசில் மனம் விடுகிற ஆள் இல்லை. முதலில் எஞ்சின் கரண்டில் சந்தேகப்பட்டார். அப்பா எஞ்சினைப் பழைய ரயர் ஒன்றின் மேல் ஏற்றி நடுக்கத்தைக் குறைத்தார். முற்றத்தில் செப்புக் கம்பியைப் புதைத்து எர்த் கொடுத்தார்கள். அந்த இடத்தில் ஒவ்வொரு நாளும் உப்புத்தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அடுத்தது தூசி. பெட்டியைத் திறந்து பெயின்ற் பூசும் புதுப் பிறஸ்ஸால் தட்டி, உள்ளே இருந்த பித்தளைப் பற்களை என் அழிறப்பரால் தேய்த்துத் துடைத்தார்கள். அடுத்தது ஈரம். பெட்டிக்குப் பக்கத்தில் தணல் சட்டி வைத்தார்கள். குருநகரில் ரேடியோ திருத்துகிற ஒருவரை அப்பா சைக்கிளில் ஏற்றிவந்தார். அவர் வெகுநேரம் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, இதற்குள் வால்வு ஒன்றும் இல்லையே என்று கேட்டுவிட்டு, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுப் போனார். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, பெட்டியின் நெற்றியில் வீபூதி பூசினார். வீபூதி உள்ளே போய்விடும் என்று சின்னம்மா அதையும் பிறஸ்ஸால் தட்டினார்.

ஒன்றுக்கும் அது மசியவில்லை. எழுதியதெல்லாம் பதிந்திருக்கும் பெட்டிக்குள் இருந்த டிஸ்க்கை முழுதாகத் துடைத்து அழித்துவிட்டு, எல்லாவற்றையும் ஞாபகத்தில் இருந்து திரும்ப எழுதினார். இரண்டு கிழமை நல்லாக ஓடும், பிறகு பழையபடி. டிஸ்க்கில் கெட்ட இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன என்று சொல்வார். மரக்கதவைக் கறையான் அரிப்பதுபோல ஏதோ ஒன்று உள்ளே இருந்து தின்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். இருந்த ஒரே நல்ல பிளொப்பியில் அவர் பிரதி எடுத்து வைத்திருந்தார்தான். ஆனால் டிஸ்க்கில் சிதைந்து கிடந்ததையே அதுவும் பிரதி எடுத்திருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று எஞ்சின் நின்ற பிறகும் சின்னம்மா இருண்ட கண்ணாடிக்கு முன்னால் இருந்தபடியே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்து சாப்பிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அம்மாவுக்குக் கொம்பியூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. வந்த புதிதில் சின்னம்மா சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் பிடித்து வைத்திருந்தார். எல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, மேலே இருப்பது வெறும் கண்ணாடி. அது போதுமாக இருந்தது அம்மாவுக்கு. அந்த மாதங்களில் பொம்மர் பெரும்பாலும் காலையில்தான் எங்கள் பக்கம் வரும். சின்னம்மா பள்ளிக்கூடத்தில் இருப்பார், அப்பா தோட்டத்தில் இருப்பார். என் பள்ளிக்கூடத்தில் அகதிகள் இருந்தபடியால் நான் வீட்டில்தான். தூரத்தில் இரைச்சல் கேட்டதும் அம்மா அறைக்குள் ஓடுவார். எந்த வயர் எந்த ஓட்டைக்குள் என்று பாடமாக்கி வைத்திருந்தார். எல்லாவற்றையும் பிடுங்கி, பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, இடுப்பில் ஏற்றிக்கொண்டு, என்னை முன்னுக்கு ஓடச் சொல்லிக் கத்துவார். நான் பங்கர் வாசலில் விலகி நிற்பேன். பெட்டி போன பிறகுதான் நான் இறங்கலாம். பனங்குற்றிப் படிகளில் அது ஒவ்வொன்றாக இடிபட்டு இறங்கும் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. எல்லாம் ஓய்ந்ததும் திரும்பக் கொண்டுவந்து, துடைத்து, மேசையில் இருந்த அதே இடத்தில் வைப்பார். பொம்மர் வீட்டுக்கு மேலால் போனதென்று சின்னம்மாவிடம் சொல்லக்கூடாது, கேட்டால் பயந்து ஏங்கிப்போவாள் என்று எனக்குக் கட்டளை. சின்னம்மா வீட்டில் நின்ற நாளில் பொம்மர் எங்கள் பக்கம் வரவேயில்லை. எங்கள் கெட்ட காலம் அது.

மார்கழியில் ஒருநாள் வந்தது. சின்னம்மாவின் பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். சின்னம்மா சைக்கிளை வேலியோடு எறிந்துவிட்டு முற்றத்துக்குள் ஓடி வந்தபோது, அம்மா பெட்டியோடு பங்கருக்குள் பாதி இறங்கியிருந்தார். நான் வெளியே, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, என் முறைக்காகக் காத்துநின்றேன். சின்னம்மா என்னைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு விழுந்தார். எங்கோ இரண்டு குண்டு விழுந்தது. மேலிருந்து மண் கொட்டியது. அம்மா பெட்டியை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார்.

இரைச்சல் தூரப் போனதும் சின்னம்மா கேட்டார்:

"எப்பவும் இப்பிடித்தான் தூக்கிக்கொண்டு வாறனீங்களோ, அக்கா?"

"பின்னை என்ன, விட்டிட்டு வாறதே? நீ பள்ளிக்கூடத்திலை நிக்கேக்கை ஆர் இதைப் பாக்கிறது? பிள்ளைக்குக் கால் இருக்கு, ஓடி வந்திடுவாள். இதுக்குக் கால் இருக்கே?"

அம்மாவின் முகத்தில் மண்ணும் வியர்வையும் பெருமையுமாக இருந்தது. சின்னம்மா கையை நீட்டிச் சேலைக்கு மேலால் பெட்டியைத் தொட்டார். தொட்ட கையை எடுத்து அம்மாவின் நெற்றி மண்ணைத் துடைத்துவிட்டார்.

"இனி உந்தப் பெட்டியைத் தூக்காதேங்கோ அக்கா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாங்கோ."

"உனக்கென்ன விசரே?" என்றார் அம்மா.

அன்று பின்னேரம் எஞ்சினைப் பற்றவைத்தார்கள். பெட்டிக்குள் டக், டக் என்று ஏதோ அடித்துக்கொண்டது. பச்சை எழுத்து வரவில்லை. விடுவதா, முயல்வதா என்றுகூட அது கேட்கவில்லை. சின்னம்மா ஒரு தடவை நிறுத்திப் போட்டார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு எஞ்சினை நிற்பாட்டச் சொன்னார்.

"என்னவாம்?" என்று அம்மா வாசலில் நின்று கேட்டார்.

"எஞ்சின் கரண்ட்தான் அக்கா. மண்ணெண்ணெய்க் கரண்ட் உதுக்கு ஒத்துவரேல்லை."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. சின்னம்மா உடனே அவர் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன செய்யிறது அத்தான், வாற எண்ணெய் அப்பிடி" என்றார். அம்மா கொட்டில் இருந்த பக்கம் பார்த்து அந்த எஞ்சினைத் திட்டத் தொடங்கினார். சாப்பிடும்வரை திட்டினார்.

பொங்கலுக்கு அடுத்தநாள் மாஸ்ரர் வந்து கொண்டுபோக ஒன்றும் இல்லையோ என்று கேட்டார். இல்லை மாஸ்ரர், சுகமாய்ப் போட்டு வாங்கோ என்றார் சின்னம்மா. அந்த வேலை வேறு யாருக்கோ போனது. சின்னம்மா ஓய்வு பெறும்வரை அதே கணக்கைத்தான் படிப்பித்தார். நாங்களும் எங்கும் போகவில்லை.

படித்து முடித்து நானும் கொம்பியூட்டரோடு வேலை செய்யப் போன பிறகுதான், பழைய டிஸ்க்குகளைப் பற்றி ஒருநாள் தற்செயலாக வாசித்தேன். இசைத்தட்டின் மேல் ஊசி நிற்பதுபோல அதற்குள் எழுதியதை வாசிக்கும் ஒரு தலை தட்டோடு ஒட்டி நிற்குமாம். அசைப்பதற்கு முன் கட்டளை கொடுத்து அதை ஓரத்தில் ஒதுக்கவேண்டுமாம். ஒதுக்காமல் தூக்கினால் ஒவ்வொரு இடிக்கும் அது தட்டைக் கீறுமாம். சின்னம்மாவுக்கு இது தெரியும். ரியூட்டரியில் இருந்து பெட்டியை வண்டிலில் ஏற்றுமுன் அதை ஒதுக்கியவரே அவர்தான். பிறகு மேசையை விட்டு அசையாத பெட்டிக்கு எதற்கு என்று விட்டிருக்கிறார். அன்று கந்தோரில் என்னால் வேலை செய்ய முடியவில்லை. அம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்லுவார், பொம்மரடிக்குள்ளையும் அந்த மெசினை ஒரு கீறல் இல்லாமல் காப்பாற்றினேன் என்று. பக்கத்தில் இருக்கும் சின்னம்மா ஓம் என்று தலையாட்டுவார்.

மாஸ்ரர் வெறுங்கையோடு போன அன்று எனக்கு வந்த கோபம் பெரிய கோபம். மடி நிறையப் பனங்கொட்டை பொறுக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போய், எஞ்சினுக்கு ஒவ்வொன்றாக எறிந்தேன். தகரம் அதிர்ந்த சத்தத்துக்குச் சின்னம்மா வந்துவிட்டார். என் கையைப் பிடித்தார்.

"விடு பிள்ளை. உதிலை ஒரு பிழையும் இல்லை."

"நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

குசினிக்குள் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சின்னம்மா அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு குனிந்து, மிச்சப் பனங்கொட்டைகளை என் மடியில் இருந்து எடுத்துக் கீழே போட்டார்.

"ஓம், சொன்னனான்" என்றார். "அம்மாவுக்குக் கேக்கப்போகுது, வா."

எஞ்சினுக்கு எறிந்தால் அம்மா அடிப்பார் என்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் சத்தம் காட்டாமல் அவரோடு போனேன்.