இல்லாத நாட்டு எழுத்தில் என் பெயர்

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த புதிதில், அரிமளத்துப் பள்ளியில் எங்களோடு ஒரு டிராயிங் மாஸ்டர் வேலை பார்த்தார். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். ஓய்வு கிடைத்தால், எங்கும் இல்லாத ஒரு நாட்டைப் பற்றி நோட்டில் எழுதுவார். அந்நாட்டு எழுத்து முழுக்கப் படங்கள்தான். வற்றிய கிணற்றில் தொங்கும் வாளி என்றால் வருத்தம். காதை உதறும் ஆடு என்றால் மழை.

என் பெயரை அந்த எழுத்தில் எழுதித் தரும்படி ஒரு வருஷம் கேட்டேன். "பொறுங்க சார், இன்னும் பிடிபடலை" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவர் மாற்றலாகிப் போன அன்று, பஸ் ஏறும்போது ஒரு தாளைக் கொடுத்தார். மடக்கிய குடை ஒன்று வரைந்திருந்தது.

"என்ன மாஸ்டர் இது?"

"கொளுத்துற வெயில்லயும் குடையைக் கக்கத்துலதான வச்சிருக்கீங்க. ஒருநாளும் விரிச்சு நான் பாக்கலையே."

"பாழாயிரும்னு பத்திரமா வச்சிருக்கேன். அதுக்காக இதுவா எம் பேரு?"

பதில் வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஆத்திரம் தாங்காமல் நடுரோட்டிலேயே குடையை விரித்தேன். மடிப்புக்கு மடிப்பு துணி இற்றுக் கிழிந்தது.

கிழிந்த குடைக்கு அந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று கேட்க, அவர் முகவரிகூட என்னிடம் இல்லை.