பட்டுப்போன வேம்பில் ஒரு காது

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினால் சாலையோரம் ஒரு வேம்பு, பட்டுப்போனது. அதன் அடியில் ஓர் அக்கா மல்லாட்டை வறுத்து விற்கிறார்; வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். இலையெல்லாம் போன பிறகு அடிமரத்தில் மரக்காளான்கள் முளைத்தன, சுவரில் அறைந்த சிறு பலகைகள் போல. பார்த்ததும் போட்டோ எடுத்துக் கோவைக்கு அனுப்பினேன்.

கோவையில் தாவரவியல் நடத்தும் தோழிக்கு. அவர் இங்கே புதுச்சேரி பக்கம் குயிலாப்பாளையத்தில் குடியிருந்தபோது, மழை விட்டதும் இருவரும் செத்த மரங்களைத் தேடிக் கிளம்பிவிடுவோம். காளானின் அடிப்பக்கம் ஊசி குத்தியதுபோல் துளையா, மீன் செவுள்போல் மடிப்பா என்று தலை முட்டக் குனிந்து பார்ப்போம். வேலை கிடைத்து அவர் போய்விட்டார். இப்போதும் மழை விட்டதும் வண்டியை எடுத்துவிடுகிறேன், எங்கே போவதென்று தெரியாமலே.

போட்டோவைப் பார்த்துவிட்டு அழைத்தார். "மேல மஞ்சளா இருக்கே. வேம்புல இப்படிப் பார்த்ததில்லயே."

"அது மஞ்சத்தூளுங்க. பூசிப் பொட்டு வெச்சிருக்காங்க."

சிரித்தார். எவ்வளவு நாளாயிற்று அதைக் கேட்டு. "அப்ப நிறத்த நம்ப முடியாது. ஈரத்துண்டு ஒண்ணு வேணும், கீறினா பழுப்பாகுதான்னு நானே பார்க்கணும். பார்சல்ல போட்டா புழுத்துடும். கையில எடுத்துட்டு வாங்க."

வாங்க. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்குமாக அந்த மரத்தைக் கடந்து கடந்து அலைந்தேன். தை வெயில் ஏறிய ஒரு நாள், பேனாக்கத்தியோடு மரத்தடியில் நின்றேன்.

"கை வெக்காதீங்க சார்," என்றார் மல்லாட்டை அக்கா. "அது ஆத்தா காது. பொம்பளைங்க வந்து அதுலதான் கொறைய சொல்லிட்டுப் போறாங்க."

"ஒரு துண்டு போதும்க்கா."

"எதுக்கு, கொழம்பு வெக்கவா? ஒங்க காதுல ஒரு துண்டு கேட்டா குடுப்பீங்களா?"

கத்தியை மடக்கினேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, வாணலியைக் கிளறியபடியே வேருக்குப் பின்னால் கை காட்டினார். "அங்க ஒண்ணு வுழுந்துகினு கெடக்குது பாருங்க. வுழுந்துட்டா அது ஆத்தா இல்ல. எடுத்துக்கினு போங்க."

எடுத்தேன். அங்கேயே நின்று தோழியை அழைத்தேன். "கெடச்சிடுச்சுங்க. எடுத்துட்டு வரட்டுமா?"

"மரத்துல இருந்தா?"

"கீழ கெடந்தது."

"காஞ்சிருந்தா கீறிப் பார்க்க முடியாதுங்க. அடிப்பக்கம் ஒரு போட்டோ அனுப்புங்க, போதும். அலையாதீங்க."

கையில் அது ஓடாகக் காய்ந்திருந்தது.

"இல்லங்க, இன்னும் ஈரம் இருக்கு," என்றேன்.

"இந்த வெயில்லயா?" என்றார்.

போனை அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.