பச்சோந்தியும் சப்பாத்துப் பெட்டியும்

வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்தபடி இருந்த அந்தச் செல்லப்பிராணிக் கடைக்குள் வருகிறவர்கள் முதலில் மீன் தொட்டிகளைப் பார்ப்பார்கள், பிறகு கிளிகளைப் பார்ப்பார்கள். புளோறன்ஸை யாரும் பார்ப்பதில்லை. கூடு கழுவி, தினை போட்டு, எச்சம் சுரண்டுகிற பெண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்? அவளுக்கும் அதுதான் வசதி. மன்னார்ப் பேசாலையில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் வாழ்க்கைப்பட்டு, துறைமுகத்தில் வேலை செய்த கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருந்தது. வடக்கில் சண்டை நடந்த, மன்னார் என்றாலே கொழும்பில் சந்தேகப்பட்ட அந்த வருடங்களில், ஒருவர் கண்ணிலும் படாமல் வேலைக்குப் போய் வீடு திரும்புவதே அவளுக்குப் பெரிய காரியம்.

கடை முதலாளி ஹியூபேட் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஒரு கிளி இரை எடுக்காவிட்டால் அவருக்கும் சோறு இறங்காது. ஆனால் பச்சோந்தி விஷயத்தில் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. புத்தளப் பக்கத்திலிருந்து ஒருவன் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பான். இவர் அதைப் பழைய மீன் தொட்டிக்குள் இறக்கி, ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்து, பின்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்திவிடுவார். கண்ணாடிக்குள் இன்னொரு பச்சோந்தி நிற்கிறது என்று நினைத்து அந்தப் பிராணி உடம்பை ஊதி, மஞ்சளும் பச்சையுமாய் வரி வரியாக மினுங்கும். சனம் கூடி நின்று "என்ன வடிவு" என்று வாய் பிளக்கும். பயந்தும் கோபித்தும் அது படுகிற பாட்டைத்தான் தாங்கள் வடிவு என்று சொல்கிறார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. தினமும் அந்தக் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைத்த புளோறன்ஸுக்கும் தெரியாது.

கொஞ்ச நாளில் அது கறுத்துச் சுருங்கிச் செத்துப்போகும். "இதுகளுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்பார் ஹியூபேட். அடுத்தது வரும்.

ஒருநாள் புளோறன்ஸ் மீன் தொட்டிக்குப் போடுகிற பாசிச் செடிகளை அலசி உதறினாள். நாலைந்து துளி பக்கத்துத் தொட்டியில் இருந்த பச்சோந்தியின் முகத்திலும் அது பிடித்திருந்த குச்சியிலும் தெறித்தது. அதுவரை மரக்கட்டையாய் இருந்தது, வாயைத் திறந்து அந்தத் துளிகளை ஒவ்வொன்றாக நக்கி நக்கிக் குடித்தது. கிண்ணத்துத் தண்ணீர் காலையில் வைத்தபடியே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இலையில் சொட்டுகிற தண்ணீரைத்தான் இது குடிக்கும்; தேங்கி நிற்கிற தண்ணீர் இதன் கண்ணுக்குத் தண்ணீராகவே படுவதில்லை. இதற்கு முன்னால் செத்தவை எல்லாம் நிறைந்த கிண்ணத்துக்குப் பக்கத்தில் தாகத்தில் செத்திருக்கின்றன.

அன்றிலிருந்து காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்துவிடுவாள். முதலாளி சாப்பிடப் போகிற நேரம் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாள். பச்சோந்தியும் தேறியது. ஒரு கண்ணை வீதியில் விட்டு மறு கண்ணால் இவளைப் பார்க்கும். அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. வீட்டில் தங்கச்சி நேசத்திடம் பேசும்போது "இவர்" என்பாள், "இவர் இண்டைக்குக் கொஞ்சம் கோபம்" என்பாள். நேசம் தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்போதுதான் புத்தரின் வெசாக் பண்டிகை வந்தது. ஞாயிறும் திங்களும் விடுமுறை என்பதால், சனிக்கிழமை பூட்டினால் செவ்வாய்க்கிழமைதான் கடை திறக்கும்.

"எல்லாத்துக்கும் நிறைய வைச்சிட்டுப் போ, புளோறன்ஸ்," என்றார் ஹியூபேட்.

"பச்சோந்திக்கு ஆர் சேர் தண்ணி தெளிக்கிறது? வெக்கையில செத்துப்போகும். நான் வீட்ட கொண்டுபோகட்டே?"

"கொண்டு போவன். செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தால் சரி."

இவ்வளவு சுலபமாக விடுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. காலணி வந்த ஒரு பழைய சப்பாத்துப் பெட்டியில் ஆணியால் துளை போட்டு, இலை பரப்பி, அதை உள்ளே வைத்து நூலால் கட்டினாள். கடையின் பூட்டையும் திறப்பையும் அவளிடம் கொடுத்துவிட்டு முதலாளி போய்விட்டார்.

பஸ் தரிப்பிடத்துக்கு வந்தபோதுதான் அதைக் கண்டாள். வெசாக் சனக்கூட்டத்துக்காகச் சற்றுத் தள்ளிப் புதிதாக ஒரு சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். மெலிந்த, உயரமான ஓர் இராணுவக்காரன் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, பைகளைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முந்தைய வருடம் நேசத்தின் மகளின் தேவாலய முதல் நன்மை விழாவுக்கு வாங்கிய கேக்கை இதேபோல் பெட்டியில் நூல் கட்டிக் கொண்டுபோனாள் புளோறன்ஸ். மருதானையில் இறக்கி, கேக்கைக் கம்பியால் குத்திப் பார்த்து, அட்டையில் மன்னாரைக் கண்டதும் பொலிஸில் கொண்டுபோய் இருத்திவிட்டார்கள். பூசை முடிந்து, விருந்து முடிந்து, இருட்டிய பிறகுதான் விட்டார்கள். அன்று நேசம் போட்ட சட்டம் இது: வெளியே தெரிகிற பொலித்தீன் பையில் தவிர எதையும் கொண்டு வரக்கூடாது. மூடிக் கட்டின பெட்டியைக் கையால் தொடவே கூடாது.

பெட்டிக்குள் பச்சோந்தி மெல்ல அசைந்தது. துளை போட்ட பெட்டி, உள்ளே ஏதோ அசைகிறது, கையில் மன்னார் அட்டை. எந்தச் சிங்களத்தில் இதை விளக்குவது? பஸ் வந்தது, போனது. இன்னொன்றும் போனது. புளோறன்ஸ் திரும்பி நடந்தாள்.

கடையைத் திறந்து அதைப் பழையபடி தொட்டிக்குள் விட்டாள். கண்ணாடியை எடுத்துத் தூரப் போட்டாள். செடிகளை நிறைய நனைத்து உள்ளே வைத்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ," என்றாள். அது ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது.

வெசாக் கூடுகள் என்கிற காகித விளக்குகள் தெருவெல்லாம் தொங்கின. திறப்பு கையில் இருந்தும், கடை பூட்டின நாளில் வெள்ளவத்தைக்கு ஏன் வந்தாய் என்று சாவடியில் கேட்பார்களே என்று அவள் வெளிக்கிடவில்லை. தன்சல் என்கிற தானப் பந்தலில் போகிற வருகிறவர்களை மறித்து மறித்துக் குளிர்பானம் கொடுத்தார்கள். நேசத்தின் பிள்ளைகள் வாங்கி வந்து நீட்டியபோது புளோறன்ஸ் அதை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தபோது செடிகள் காய்ந்து சருகாயிருந்தன. பச்சோந்தி கிண்ணத்தின் விளிம்பில் கன்னத்தை வைத்தபடி செத்துக் கிடந்தது. கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது.

"குப்பையில போடு," என்றார் ஹியூபேட். அவளால் முடியவில்லை. வீட்டு முற்றத்துக் குரோட்டன் செடியடியில் புதைக்கலாம் என்று அதே சப்பாத்துப் பெட்டியில் வைத்து, அதே நூலால் கட்டி எடுத்துக்கொண்டாள். இனிப் பிடித்தால் பிடிக்கட்டும் என்றிருந்தது.

சாவடி இன்னும் இருந்தது. சனிக்கிழமை தூரத்தில் நின்று பார்த்த அதே இராணுவக்காரன்தான் பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்தாள். அவன் குனிந்து பார்த்தான்.

"அனே, போதிலிமெக் நே," என்றான். பச்சோந்திக்குச் சிங்களத்தில் போதிலிமா என்றுதான் பெயர். பிறகு அவன் சொன்னதும் அவளுக்கு விளங்கியது. தங்கள் ஊர்ப் பற்றைகளிலும் இவை இருக்கின்றனவாம். வீதியைக் கடக்க முடியாமல் நிற்கக் கண்டால் தூக்கி மறுபக்கம் விடுவார்களாம். பாவம், தண்ணீர் இல்லாமல் போயிற்றோ என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். மூடியைப் பக்குவமாக மூடி, இரண்டு கையாலும் பெட்டியை அவளிடம் நீட்டினான்.

"யன்ன, அம்மே," என்றான். போங்கோ, அம்மா.

கொட்டாஞ்சேனையில் பெட்டியைக் கண்டதும் நேசம் கத்தத் தொடங்கினாள். "உனக்கென்ன விசரே அக்கா? செக் பொயின்ற்றில என்ன சொன்னனீ?"

புளோறன்ஸ் குரோட்டன் அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"அவன் அட்டையைக்கூடக் கேக்கேல்லை, நேசம்."