எந்த வீட்டு மூக்கு?

மூன்றாம் மாத ஸ்கேனுக்கு என்னோடு வந்தது மாமியார்தான். கணவருக்கு ஆபீஸில் மீட்டிங். பிள்ளை பெறுவதில் அவருடைய பங்கு முடிந்துவிட்டது என்று மேலதிகாரிகள் நினைத்திருக்கலாம்.

முடிச்சூரிலிருந்து ஆட்டோ பிடித்து மேற்குத் தாம்பரத்துக்குப் போனோம். ஸ்கேன் சென்டரில் காத்திருந்தபோது, "இது எதுக்கும்மா?" என்று அத்தை கேட்டார். குழந்தைக்குப் பிறவிக் குறை ஏதும் இருக்க வாய்ப்பு உண்டா என்று பார்ப்பார்கள் என்றேன்.

"எங்க பக்கம் அந்த மாதிரி யாருக்கும் கிடையாது. உங்க பக்கம் யாராவது உண்டா? நல்லா யோசிச்சுப் பாரு."

யோசித்ததில், என் சித்தப்பா ஒருவர் மூன்று முறை கட்சி மாறியது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

உள்ளே டாக்டரம்மா வயிற்றில் ஜெல்லைத் தடவிப் பார்த்தார். குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரை அளக்க அது திரும்ப வேண்டுமாம். "கொஞ்சம் நடந்துட்டு, ஸ்வீட்டா ஏதாவது குடிச்சிட்டு வாங்கம்மா."

"பிடிவாதம். உங்க அப்பா மாதிரி," என்றார் அத்தை. சுண்டுவிரல் அளவுக் குழந்தைக்குள் என் அப்பா குடியேறிவிட்டார்.

எதிர்க்கடையில் சாத்துக்குடி ஜூஸ் குடித்துவிட்டு, வாசலில் நின்ற பைக்குகளைப் பிரதட்சணம் செய்தேன். மறுபடி படுத்தபோது குழந்தை திரும்பியிருந்தது. டாக்டர் ஒன்றும் பேசாமல் அளந்தார். அத்தையும் பேசவில்லை. கல்யாணமானதிலிருந்து அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"நார்மலா இருக்கு. மூக்கு எலும்பு நல்லாத் தெரியுது. பிளட் டெஸ்ட்டும் வரட்டும், சேர்த்துப் பார்த்துடலாம்."

"எங்க வீட்டு மூக்கு!" என்றார் அத்தை. போன மூச்சு திரும்பிவிட்டது.

ஆட்டோவில் ஏறுவதற்குள் படம் குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. அண்ணன் மூக்கேதான் என்றாள் நாத்தனார். நெற்றி தங்கள் அப்பாவுடையது என்று பெரிய மாமனார் பதிவு செய்தார். மழைமேகம் மாதிரி இருந்த அந்தப் படத்தில் தலை எது என்றே எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கணவர் மீட்டிங்கிலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாதென்று சட்டம் இருக்கிறது. எந்த வீடு என்று சொல்லத் தடையில்லை.

முடிச்சூர் சாலையில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் குடித்ததெல்லாம் வெளியே வந்தது. அத்தை என் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, முந்தானையால் வாயைத் துடைத்தார். எனக்கு ஆத்திரம்.

"இந்த வாந்தி எந்த வீட்டுதுன்னும் குரூப்ல கேளுங்க அத்தை."

அவர் முந்தானையின் ஈரப் பகுதியை உள்ளே மடித்தார்.

"என்னுது. உன் வீட்டுக்காரனை வயித்துல வச்சிருந்தப்ப அஞ்சு மாசம் வரைக்கும் இதே கதிதான். எங்கம்மா வீட்டு வியாதின்னு எங்க மாமியார் சொன்னாங்க. ஒரு நாள் கூட தலையைப் பிடிச்சதில்ல."

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னாக்கா, சீட்டு மேல எதுனா பட்டுச்சா?"

"ஒண்ணும் படலப்பா, நீ ஓட்டு," என்றார் அத்தை, முந்தானையால் சீட்டைத் துடைத்துக்கொண்டே.