தியேட்டரில் ஒரு ஒன்ஸ் மோர்

சபாக்களில் சக்கைப்போடு போட்ட இசை நாடகம் சினிமாவாகியிருக்கிறது. இன்று மேட்னிக்கு வந்தேன்; இடைவேளையில் இதை எழுதுகிறேன்.

கதாநாயகி பாடி முடித்ததும், பக்கத்து சீட் மயிலாப்பூர் மாமா "ஒன்ஸ் மோர்!" என்று கத்திவிட்டார். நாடகத்தில் அப்படிக் கேட்டால் மறுபடி பாடுவார்கள். அந்தப் பழக்கம்.

முன் சீட்டுப் பெண் எழுந்தேவிட்டாள்.

"மூணாவது தடவை வந்திருக்கேன் சார். படத்தைக் கெடுக்காதீங்க."

"நாடகத்தைக் கெடுத்ததே இந்தப் படம்தாம்மா."

"பிடிக்கலன்னா வெளிய போங்க!"

மாமாவும் எழுந்துவிட்டார். நடுவில் கையை நீட்டித் தடுத்தேன். என் பாப்கார்ன் கொட்டியது.

"இது சினிமா சார். நீங்க கத்தினா திரும்பப் பாடுவாங்களா?" என்றாள் அவள்.

"பாட மாட்டா இல்லியோ? அதத்தான் நானும் சொல்றேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். படம்தான் உசத்தி என்று ஒரு வாரமாக இந்தக் குழுவில் சண்டை போட்ட நான், குனிந்து பாப்கார்னைப் பொறுக்கினேன்.

மாமாவுக்கு ஒரு பதில் உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். அவர் இன்னும் என்னை முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.