அனுப்புநர் முகவரி

ஆறாம் வகுப்பில் நான் வாய் திறந்து பேசிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் கடிதம் எழுதச் சொன்னால் எழுதுவேன். அனுப்புநர், பெறுநர், பொருள், கடைசியில் "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி" என்று தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்தது ஒன்றுவிடாமல் இருக்கும். அனுப்புநர் முகவரியை விட்டால் ஐயா இரண்டு மதிப்பெண் குறைப்பார். என்னிடம் அவரால் ஒருமுறைகூடக் குறைக்க முடிந்ததில்லை. அந்த நல்ல பழக்கம்தான் என் மாமாவை ஜெயிலுக்கு அனுப்பப்போகிறது என்று ஐந்து நாள் நம்பிக்கொண்டு திரிந்தேன்.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலை முடிந்து வடக்கே போனால் எங்கள் மீனவக் குப்பம். அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓர் அம்மா வந்தார். கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். பையிலிருந்து ஒரு படத்தை விரித்துக் கரும்பலகையில் மாட்டினார். சாம்பல் நிறம், உருண்டைத் தலை, முதுகில் துடுப்பே இல்லை. இது என்ன என்று அவர் கேட்டதும் குப்பத்துப் பிள்ளைகள் "கடல்பன்னி!" என்று கத்தினார்கள். டவுன் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அது மீன் இல்லை, நம்மைப் போல மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது, வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் செத்துப்போகிறது என்றார். நம் கடலில் அது எத்தனை மிச்சம் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாதாம்.

பிறகு கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். அவருடைய முகவரி அச்சடித்து, தபால்தலை ஒட்டியே இருந்தது. வீட்டு வலையில் கடல்பன்றி வந்தால் நாள், இடம், நீளம், உயிரோடு இருந்ததா இல்லையா என்று எழுதிப் போட வேண்டும். "யார் பேரும் வேணாம்" என்றும் சொன்னார். அதைக் கேட்கும்போது நான் அட்டையின் வழவழப்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவும் மாமாவும் கரை சேர்ந்தபோது படகுக்குள் ஒன்று கிடந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. படகு அவர் பெயரில் இருந்தது. வலையை இழுக்கும்போதே அது செத்திருந்ததாம். எங்கள் குப்பத்தில் அப்படி வந்தால் சதையைச் சுறாத் தூண்டிலுக்கு இரையாக வெட்டுவார்கள். கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுத்துப் படகுப் பலகைக்குத் தடவுவார்கள். தப்பு என்று அதை யாரும் நினைத்ததில்லை. அவர்கள் வெட்டுவதற்குள் நான் ஓடிப்போய் மூக்கிலிருந்து வால் வரை சாண் போட்டு அளந்தேன்.

"என்னாடி, அதுக்குப் பாவாடை தைக்கப்போறியா?" என்றார் மாமா.

எட்டு சாண். மத்தியானமே அட்டையை நிரப்பிவிட்டேன். நிரப்பிய பிறகும் அடியில் மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம். அது என் கண்ணை உறுத்தியது. அச்சடித்தவர்கள் அனுப்புநரை மறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். என் பெயரைப் போட வெட்கமாக இருந்தது, பிடித்ததும் நானில்லை. ஆகவே மாமாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், தெரு, வீட்டு எண், படகில் பெயின்ட்டில் எழுதியிருந்த நம்பர் எல்லாவற்றையும் என் அழகான கையெழுத்தில் எழுதி, தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அப்பா வெளியிலிருந்து வந்து கதவைச் சாத்தினார். தெற்கே ஒரு குப்பத்தில் ஆமை பிடித்து வந்தவனைச் சிவப்புத் தொப்பி போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. படகும் அவர்களிடம்தான் நிற்கிறது என்றார். "கடல்பன்னிக்கும் அதே சட்டந்தானாம்."

அம்மா மாமாவைப் பார்த்தாள். தையில் மாமாவுக்குக் கல்யாணம். பெண் ரெட்டியார்பாளையம். கடலுக்குப் போகிற பையன் என்று ஆறு மாதம் யோசித்துவிட்டுச் சம்மதித்தவர்கள். "நம்ப வூட்டுக்கு அது வந்ததே யாருக்கும் தெரியக்கூடாது" என்றாள் அம்மா. மாமா தலையையும் எலும்புகளையும் சாக்கில் கட்டிக்கொண்டு போய்ச் சவுக்குத் தோப்பு மணலில் புதைத்தார்.



ஞாயிறு முழுவதும் தபால் பெட்டி வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. திங்கள் காலை, தபால்காரர் பெட்டியைத் திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றேன். அவர் கடிதங்களைப் பைக்குள் அள்ளினார். நடுவில் என் அட்டை தெரிந்தது. நான் விரலை நீட்டினேன். வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

"என்னா பாப்பா, போட்டத திரும்பக் கேக்கறியா? உள்ள போயிட்டா அது கவர்மெண்ட் சொத்து" என்று பையை மூடினார். சைக்கிள் மூலை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லத் தைரியம் இல்லை. கருவடிக்குப்பத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் என் நெற்றியைத் தொட்டு ஜுரமா என்று பார்த்தார்.

"மாமா, ஜெயில்ல மீன் கொழம்பு போடுவாங்களா?"

"ரெட்டியார்பாளையத்துல போடுவாங்களான்னே தெரியல, நீ ஜெயிலுக்குப் போயிட்ட" என்று சிரித்தார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வலைக் கொட்டகை முன்னால் ஜீப் நின்றது. அந்த அம்மாவும், கண்ணாடி போட்ட ஒரு நெட்டை மனிதரும், காக்கி உடையில் வனத்துறை அதிகாரி ஒருவரும் நின்றிருந்தார்கள். சுற்றிலும் குப்பத்து ஆண்கள். மாமா கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த போட்டு? நீங்களே சொல்லிட்டா நல்லது" என்றார் அதிகாரி.

"இங்க அப்படி எதுவும் வரலீங்க" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்த கார்டு வானத்துலேர்ந்து வந்துச்சா? குடுங்க மேடம்."

அந்த அம்மா ஒரு கணம் தயங்கிவிட்டுப் பையிலிருந்து எடுத்தார். என்னுடைய ஊதா மை. இதில் கொடுமை, மாமாவே ஆர்வமாக எழுந்து, "எங்க சார், காட்டுங்க, யார் எழுத்துன்னு பாப்போம்" என்று அதிகாரியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

அதிகாரி முன்னால் பார்த்தார். திருப்பிப் பின்னால் பார்த்தார். "அனுப்புனவன் பேரு இல்லயே?"

"நாங்க பேரு கேக்கறதில்ல சார். கேட்டா அப்பறம் ஒரு கார்டும் வராது."

அப்போதுதான் கவனித்தேன். அட்டை குட்டையாக இருந்தது. கீழே மூன்று விரல் அகலம் இல்லை. ஸ்கேல் வைத்தாற்போல நேராக முடிந்திருந்தது. தபாலில் கிழிந்துவிட்டது! அம்மனே, தபால்காரரே என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

கண்ணாடிக்காரர் பேசினார். அவர் இலங்கையிலிருந்து வந்தவர். "நாங்கள் ஒருத்தரையும் பிடிக்க வரேல்ல. எங்கட கரையிலயும் இதே அட்டையத்தான் குடுத்திருக்கிறம். ரெண்டு பக்கத்து விவரத்தையும் சேர்த்தாத்தான் இதுகள் எங்க போகுது, எங்க சாகுது எண்டு தெரியும். மண்டையோடு கிடந்தாத் தாங்கோ, அதுவே காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"தலையக் குடுத்தா அப்பறம் ஆளைக் கேப்பாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

"எத்தன பாகம் ஆழத்துல வலை வுட்டாங்கன்னு தெரிஞ்சாக்கூடப் போதும்" என்றார் அந்த அம்மா. "அந்த எடத்த வுட்டுக் கொஞ்சம் தள்ளி வுட்டா, வலையும் கிழியாது, அதுவும் சாவாது."

மாமா வலையிலிருந்து தலை நிமிராமல், "ஆறு பாகத்துல வுட்டா வந்து மாட்டும்னு சொல்றாங்க" என்றார்.

"யார் சொல்றாங்க?" அதிகாரி சட்டென்று திரும்பினார்.



"பொதுவா சொல்றாங்க சார்."

அந்த அம்மா குறித்துக்கொண்டார். ஜீப் போய்விட்டது.

மறுநாள் எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு சாக்கு கிடந்ததாம். திறந்து பார்த்த ஆயாம்மா அலறியதில் பிரேயர் பத்து நிமிடம் தாமதமானது. தலைமையாசிரியர் சொல்லி அனுப்ப, மத்தியானம் அந்த அம்மா வந்து இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். அப்படியே ஆறாம் வகுப்புக்கும் வந்து புது அட்டைகள் கொடுத்தார். என் முறை வந்ததும் நான் எழுந்து தலைகுனிந்து நின்றேன். திறந்திருந்த என் நோட்டின் ஊதா எழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, என் கையில் ஓர் அட்டையை வைத்து, கீழே வெறுமையாக இருந்த பகுதியை விரலால் மெல்லத் தட்டினார்.

"இந்த எடம் காலியாவே இருக்கட்டும்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். தையில் மாமா கல்யாணத்துக்கு, தபால்காரருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் அடம்பிடித்தேன். அவரும் வந்து பந்தியில் உட்கார்ந்தார். அவர் இலையில் நானே இரண்டு லட்டு வைத்தேன்.